முறைப்பாடு இருக்கிற வீரரை இறக்கலாமா, முடிவு வரும்வரை வெளியே வைப்பதா?

மூன்றாம் ஸ்லிப் · செவ்வாய், இரவு 9.40

இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்கவின் கதையைப் பலர் மறந்திருப்பீர்கள், எனக்கு இந்த வாரம் முழுக்க அதுதான் தலைக்குள் ஓடுகிறது. 2022 நவம்பர் 6ஆம் திகதி அதிகாலை, ரி20 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்திடம் தோற்று அணி ஊருக்கு வர இருந்த நேரத்தில், சிட்னியில் ஒரு பெண் கொடுத்த பாலியல் முறைப்பாட்டில் அவரைக் கைதுசெய்தார்கள். மறுநாளே இங்கே எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் இடைநிறுத்தினார்கள். நான்கு குற்றச்சாட்டில் மூன்றை அரச தரப்பே வழக்குக்கு முன்னர் எடுத்துவிட்டது, மிஞ்சிய ஒன்றிலும் 2023 செப்டெம்பர் 28ஆம் திகதி குற்றவாளியல்ல என்று தீர்ப்பு. ஒக்டோபரில் தடை நீங்கியது. கிட்டத்தட்ட பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதத்தை என்னவென்று சொல்வது? தண்டனையா, முன்னெச்சரிக்கையா, இல்லை கிரிக்கெட் சபை தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டதா?

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், நான் வேலை செய்யும் இடத்து மென்பந்து அணிக்கு நான்தான் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம், மைதானத்துக்குக் காசு கட்டுவது, பந்து வாங்குவது, சாப்பாட்டுப் பார்சலில் கோழி எத்தனை மரக்கறி எத்தனை என்று எண்ணுவது, இவ்வளவுதான். சனிக்கிழமை நிறுவனங்களுக்கு இடையிலான ஆறு பேர் போட்டி, பொரளைப் பக்கம். எங்கள் ஓப்பனர் மேல் கூட வேலை செய்யும் ஒரு பெண் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். போன போட்டிக்குப் பிறகு நடந்த இராச்சாப்பாட்டில் நடந்த ஒரு விடயமும், அதற்குப் பின் வந்த வட்ஸ்அப் செய்திகளும். மனிதவளப் பிரிவு, விசாரிக்கிறோம், அணி விடயத்தை நீங்களே பாருங்கள் என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. கப்டன், நிரூபிக்கட்டும் பிறகு பார்க்கலாம் என்கிறார். பெயர்ப்பட்டியல் வெள்ளி மதியத்துக்குள் போக வேண்டும். இதற்குள் ஸ்கோர் எழுதுகிறவரும் இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டதால் புத்தகமும் என் தலையில் விழுந்திருக்கிறது.

என்ன செய்வீர்கள்?

கெத்தாராமக் கூரை · செவ்வாய், இரவு 10.05

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் அண்ணா. பதினொரு மாதம் போனது, குற்றவாளியல்ல என்று வந்தது, அந்த 31, 32 வயதை யார் திருப்பிக் கொடுப்பது? இந்தியாவில் நடந்த 2023 உலகக் கிண்ணமும் அதோடு போய்விட்டது.

இது ஒன்றுதானா? குசல் ஜனித் பெரேராவைப் பாருங்கள். 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவில் ஊக்கமருந்து என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். ஆசியக் கிண்ணம் போச்சு, ரி20 உலகக் கிண்ணம் போச்சு, அதிலும் நாம் நடப்புச் சம்பியனாகப் போன உலகக் கிண்ணம். 2016 மேயில் ஐசிசி குற்றச்சாட்டையே மீளப் பெற்றது, ஆய்வுகூட முடிவு நிற்கவில்லை. அதற்குள் பேஸ்புக்கில் எத்தனை பேர் அந்தப் பையனைக் கள்ளன் ஆக்கினார்கள். ஆய்வுகூடமே பிழைவிடும்போது, ஆள் சொல்லும் கதையை நம்பி ஒருவரை வெளியே போடுவதா? நிரூபிக்கும்வரை நிரபராதி. உங்கள் கப்டன் சொல்வது சரி.

பிளேன்ரீ · செவ்வாய், இரவு 10.11

ஐந்து ஓவர் மென்பந்துப் போட்டிக்கு ஹேக் நீதிமன்றம் அளவுக்கு யோசிக்கும் ஒரு செயலாளரை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் அணிச் செயலாளர் பார்சலில் முட்டையை எண்ண மறந்துவிட்டு அரையிறுதிக்குப் போய்ப் படுத்துத் தூங்கியவர்.

பகிடிதான், கோபிக்க வேண்டாம். வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டப்புத்தகம் · செவ்வாய், இரவு 11.20

முதலில் @மூன்றாம் ஸ்லிப், இதற்கு மேல் உங்கள் இடத்து விவரம் ஒன்றும் இங்கே எழுத வேண்டாம். வாசிக்கிறவர்களில் உங்கள் மாடிக்காரர் ஒருவர் இருக்கமாட்டார் என்று சொல்ல முடியாது.

இனி விடயம். நிரூபிக்கும்வரை நிரபராதி என்பது அரசாங்கம் ஒருவரைத் தண்டிப்பதற்கு எதிராக இருக்கும் காப்பு. அதே நிரபராதியைத்தான் நீதவான் விளக்கமறியலில் வைக்கிறார், பிணை கொடுத்தால் கடவுச்சீட்டை வாங்கி வைக்கிறார். காசாளர் மேல் முறைப்பாடு வந்தால் வங்கி மறுநாள் அவரைக் கவுண்டரில் விடுமா? நம் நாட்டில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த பெயரே இருக்கிறது, கட்டாய விடுமுறை. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு, அவ்வளவுதான். அதைத் தண்டனையாக மாற்றுவது நாம் அதைச் செய்கிற விதம்.

அவுஸ்திரேலிய ரக்பி லீக் 2019இல் ஒரு விதி கொண்டுவந்தது. பதினொரு வருடம் அல்லது அதற்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றத்துக்கு வழக்குப் பதிவானால் வீரர் தானாகவே ஒதுங்க வேண்டும், யாரும் கூடிப் பேசத் தேவையில்லை. அதைவிடக் குறைந்த குற்றமென்றால் தலைமை நிர்வாகி தீர்மானிக்கலாம். முழுச் சம்பளம் உண்டு, கழகத்தோடு பயிற்சி உண்டு, போட்டி மட்டும் கிடையாது. பிழை யாருடையது என்று நாங்கள் சொல்லவில்லை என்பதை அந்த விதியின் பெயரிலேயே (no-fault stand down) வைத்துவிட்டார்கள். நட்சத்திரமோ பதினெட்டாவது ஆளோ ஒரே கணக்கு.

சம்பளம் என்ற புள்ளியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம், பாலியல் வழக்கு வந்ததும் தன் வீரர் பெஞ்சமின் மென்டியை 2021 ஓகஸ்டில் இடைநிறுத்தி, அடுத்த மாதத்தோடு சம்பளத்தையும் வெட்டியது. 2023இல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவர் விடுதலையானார். 2024 நவம்பரில் அங்குள்ள தொழில் நியாயசபை, காவலில் இருந்த சில மாதங்கள் நீங்கலாகப் பெரும்பகுதியைக் கொடுக்கச் சொன்னது. அவர் கேட்டது ஒரு கோடியே பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல். வெளியே வைக்கலாம், ஆனால் பட்டினி போட்டால் அது தண்டனை என்று இதை வாசிக்கலாம்.

ஹோம்புஷ் வாசி · புதன், காலை 5.52

சிட்னியில் இருந்து எழுதுகிறேன், பிறந்து வளர்ந்தது பம்பலப்பிட்டி. மேலே சொன்ன ரக்பி விதி காகிதத்தில் அழகு, ஆனால் ரக்பி லீக் வீரர் ஜாக் டி பெலினைக் கேட்டுப் பாருங்கள். 2018 டிசம்பரில் பாலியல் வழக்கு, 2019 தொடக்கத்தில் விதி, முதலில் மாட்டியவர் அவர்தான். சமஷ்டி நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார், தோற்றார். இரண்டு முழுப் பருவம் போனது. முதல் விசாரணையில் ஜூரி முடிவுக்கு வரவில்லை, 2021இல் இரண்டாவது விசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்றவற்றில் மறுபடியும் முடிவில்லை, அப்புறம் வழக்கைக் கைவிட்டார்கள். சம்பளம் வந்தது, உண்மை. விளையாட்டுக்காரனுக்கு 28, 29 வயது என்பது சம்பளத்தால் திரும்பாது.

குணதிலக்க வழக்கு நடந்தபோது இங்கே நம் ஆட்களின் சாமான் கடையில் நிற்கும் நேரமெல்லாம் இரண்டு கட்சி. ஒன்று, பையனை மாட்டிவிட்டார்கள். மற்றது, அவன் எப்போதும் அப்படித்தான். கைதான அன்று என்ன சொன்னார்களோ அதையேதான் தீர்ப்பு வந்த அன்றும் சொன்னார்கள். குற்றச்சாட்டு என்னவென்று சரியாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் அந்த வரிசையில் காணவில்லை.

கோல் ஷூட்டர் · புதன், மதியம் 1.15

மேலே உள்ள எல்லாவற்றையும் வாசித்தேன். பதினொரு மாதம், இரண்டு பருவம், ஒரு கோடிப் பவுண்டு. எல்லாம் ஒரு பக்கத்துக் கணக்கு. பரவாயில்லை, அதுவும் கணக்குத்தான்.

நான் வலைப்பந்து விளையாடிய காலத்தில், இருபத்திரண்டு வயது இருக்கும், பயிற்றுநர் ஒருவரைப் பற்றிக் கழகத்தில் சொன்னேன். எந்தக் கழகம் என்று கேட்க வேண்டாம். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், ஒருவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார், சாப்பிடுங்கள் பிள்ளை என்று. விசாரிக்கிறோம், அதுவரை பிரச்சினை வராமல் இருக்க நீங்கள் செவ்வாய் வியாழன் பயிற்சிக்கு வர வேண்டாம், சனிக்கிழமை மட்டும் வாருங்கள் என்றார்கள். அவர் எல்லா நாளும் வந்தார். சனிக்கிழமை மட்டும் வருகிறவளை யார் அணியில் எடுப்பார்கள்? அந்தப் பருவத்தோடு நான் நின்றுவிட்டேன். நிரூபிக்கும்வரை யாரையும் ஒதுக்கக் கூடாது என்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே ஒருவரை ஒதுக்கித்தான் இருந்தார்கள்.

2014 கடைசியில் இலங்கை மகளிர் அணி பற்றி வந்த செய்தி ஞாபகம் இருக்கிறதா? அணியில் இடம் வேண்டுமென்றால் என்ன கேட்கிறார்கள் என்று. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையில் மூவர் குழு போட்டார்கள், 2015இல் முகாமைத்துவத்தில் இருந்தவர்கள் வீராங்கனைகளைத் தொல்லைப்படுத்தியதற்குச் சான்று உண்டு என்று விளையாட்டு அமைச்சே சொன்னது. அந்த மாதங்களில் விசாரணைக்குழு முன் போய்ப் பேசிய பிள்ளைகள் மறுநாள் யாருக்கு முன் போய்ப் பயிற்சி எடுத்திருப்பார்கள் என்று நான் அப்போது அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

அப்புறம் @மூன்றாம் ஸ்லிப், உங்களிடம் ஒரு கேள்வி. சட்டப்புத்தகம் விவரம் எழுத வேண்டாம் என்றார், அதனால் ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். வழமையாக ஸ்கோர் எழுதுகிறவர் பெண்ணா?

மூன்றாம் ஸ்லிப் · புதன், மாலை 6.48

ஆம்.

மதியத்தில் இருந்து இதற்குப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நேற்று அந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு வேலை கூடிவிட்டது என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடமாக ஒரு போட்டி தவறாமல் வந்தவர்.

கெத்தாராமக் கூரை · புதன், இரவு 8.30

சரி, அது எனக்கும் உறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். அக்கா சொன்னது நடந்திருக்கிறது, நடக்கிறது.

ஆனாலும் என் பயம் வேறு. வெளியே வைப்பது இவ்வளவு லேசு என்றால் அதை ஆயுதமாக்குவார்கள். தெரிவுக்குழுவுக்குப் பிடிக்காத ஒருவர், மற்றக் கழகத்துக்குப் போகப்போகிற ஒருவர், ஒரு முறைப்பாடு, முடிந்தது. முகமது ஷமிக்கு 2018 மார்ச்சில் என்ன நடந்தது? மனைவி முறைப்பாடு கொடுத்தார், இந்தியக் கிரிக்கெட் சபை ஒப்பந்தப் பட்டியலில் பெயரைப் போடாமல் நிறுத்தியது. பிறகு ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்து ஒன்றுமில்லை என்றதும் அதே மாதம் ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

சட்டப்புத்தகம் · புதன், இரவு 9.02

@கெத்தாராமக் கூரை, ஷமி விடயத்தில் சபை விசாரித்தது எதை என்று திரும்பப் பாருங்கள் தம்பி. பணம், சூது சம்பந்தமான பகுதியை மட்டும். வீட்டு வன்முறை பற்றிய பகுதியை நீதிமன்றம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தங்களுக்கு விசாரிக்கத் தெரிந்ததை விசாரித்தார்கள், மற்றதைத் தொடவில்லை. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை, வீட்டுக்குள் நடந்ததைத் துப்பறியக் கிரிக்கெட் சபைக்குக் கருவி இல்லை.

ஆயுதமாக்குவார்கள் என்ற பயம் நியாயம். அதனால்தான் யாரோ ஒருவர் சொன்னார் என்பதில் கதவை வைக்காமல் வழக்குப் பதிவில் வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினொரு வருடக் கோடு இங்கே அப்படியே ஒட்டாது. நம் தண்டனைச் சட்டக் கோவையில் 345ஆம் பிரிவு, பாலியல் தொல்லைக்கு ஆகக் கூடியது ஐந்து வருடம். மகளிர் அணியில் நடந்தது, வலைப்பந்துக் கழகத்தில் நடந்தது எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே போய்விடும். அங்கே விதி கைகொடுக்காது, தலைவரின் மனம்தான்.

வெள்ளைத் தொப்பி · வியாழன், காலை 7.10

தலைவரின் மனம் என்று சொன்னீர்கள், அதைப் பற்றி இந்தக் கிழவனும் கொஞ்சம் சொல்லலாம். கழகப் போட்டிகளில் முப்பது வருடத்துக்கு மேல் நடுவராக நின்றவன், இப்போது முழங்கால் விடுவதில்லை.

2020 ஜூலையில் பாணந்துறையில் அதிகாலை ஒரு விபத்து. குசல் மென்டிஸ் ஓட்டிய வாகனம் மோதி, சைக்கிளில் போன 64 வயது மனிதர் இறந்தார். கைது, பிணை. அந்த வருட டிசம்பரில் செஞ்சூரியனில் டெஸ்ட் ஆடினார். அடுத்த வருடம், 2021 ஜூனில், அதே குசல் மென்டிஸும் டிக்வெல்லவும் குணதிலக்கவும் டர்ஹமில் கொரோனா வளையத்தை மீறி இரவில் வெளியே நின்ற வீடியோ வந்தது. அடுத்த விமானத்தில் ஊருக்கு, ஒரு வருட சர்வதேசத் தடை, ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம். பிறகு 2022 ஜனவரியிலேயே தடையை எடுத்தார்கள், அது இன்னொரு கூத்து.

விபத்து வேறு, வேண்டுமென்று செய்வது வேறு, அது எனக்குத் தெரியும். விபத்துக்காக அவரைத் தூக்கில் போடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உயிர் போன விடயத்தில் நீதிமன்றம் பார்க்கட்டும், தெருவில் நின்றதற்கு ஒரு வருடம் என்றால், வெளியே இருந்து பார்க்கிறவன் என்ன விதியைப் படிப்பான்? வீடியோ பரவினால் தண்டனை என்றுதான் படிப்பான். 2018இலும் குணதிலக்கவுக்கு ஆறு போட்டித் தடை விழுந்தது, அது அணியின் ஒழுக்க விதியை மீறியதற்கு. அந்த வகைத் தண்டனையில் எனக்குச் சண்டையே இல்லை, எழுதி ஒப்பமிட்ட விதியை மீறினால் வாங்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் பிரச்சினை.

வெள்ளைக்காரனும் சுத்தமில்லை. இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் 2017 செப்டெம்பரில் பிரிஸ்டல் சண்டையோடு ஆஷஸை இழந்தார். அடுத்த ஜனவரியில் வழக்குப் பதிவான பிறகு, பெப்ரவரியில் நியூசிலாந்தில் ஆட விட்டார்கள்! சந்தேகம் இருந்தபோது வெளியே, வழக்கு வந்ததும் உள்ளே. ஓகஸ்டில் நீதிமன்றம் விடுவித்தது, டிசம்பரில் ஒழுக்காற்றுக் குழு எட்டுப் போட்டித் தடை என்றது, அதை ஏற்கெனவே அனுபவித்தாயிற்று என்று சொல்லி அனுப்பியது. கடனுக்குக் கொடுத்த சாமானுக்குப் பின்னால் பில் எழுதினது போல.

பிளேன்ரீ · வியாழன், காலை 9.25

ஐயா, அந்தப் பில் உவமைக்கு என் கடையில் ஒரு பிளேன்ரீ இலவசம், இஞ்சி போட்டு.

இனிப் பகிடி இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் டிஷோன் வொட்சன் விடயம், 2022. பல பெண்கள் பாலியல் முறைப்பாடு செய்தார்கள், வழக்குப் போடலாமா என்று பார்க்கும் பெருஞ்சபை ஜூரிகள் இரண்டும் மறுத்தன. அதன் பிறகும் லீக் தன் சொந்த விதிப்படி பதினொரு போட்டித் தடையும் ஐம்பது இலட்சம் டொலர் அபராதமும் போட்டது. ஆக, நீதிமன்றம் விட்டுவிட்டது, எனவே லீக்கும் விட வேண்டும் என்பதும் சரியில்லை. லீக் கேட்கும் கேள்வி வேறு. எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு இப்படி நடக்கலாமா என்பது.

என் மாமா ஒருவர் மேல் வேலையிடத்தில் களவுப் பட்டம் வந்தது. எட்டு மாதம் வீட்டில் இருந்தார், சம்பளம் இல்லை. கடைசியில் வேறொருவர் எடுத்தது தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. அதனால் கெத்தாராமக்காரர் சொல்வதும் எனக்குள் ஓடுகிறது. எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல்தான் முதலில் பகிடி விட்டேன்.

சட்டப்புத்தகம் · வியாழன், இரவு 10.30

மாமாவின் கதையில் எட்டு மாதமும் சம்பளமில்லாததும்தான் கொடுமை. முதல் வாரம் அவரைக் களஞ்சியத்தில் விடாமல் வைத்தது அல்ல.

இதில் எல்லோரும் தாண்டிப்போகும் விடயம் காலம். சிட்னியில் குணதிலக்க வழக்கு கைதில் இருந்து தீர்ப்பு வரை பதினொரு மாதத்துக்குள் முடிந்தது. நம் மேல் நீதிமன்றங்களில் பாலியல் வழக்குகள் பல வருடம் இழுபடும், இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. தீர்ப்பு வரும்வரை வெளியே என்று இங்கே ஒரு விதி எழுதினால், வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்கு அது ஆயுள் தடை. தீர்ப்பு வரும்வரை உள்ளே என்றால் முறைப்பாட்டாளருக்கு ஆயுள் தடை. ஆகவே எந்த விதி எழுதினாலும் அதற்குள் ஒரு மணிக்கூடு இருக்க வேண்டும். இத்தனை வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்ப்போம், என்ன மாறியது, இனியும் தேவையா, இருவரையும் வேறு வழியில் விலக்கி வைக்க முடியுமா என்று.

மணிக்கூடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளம். அங்கே கிரிக்கெட் அணித்தலைவராக இருந்த சந்தீப் லமிச்சானே, பாலியல் வல்லுறவு முறைப்பாட்டில் 2022 செப்டெம்பரில் இடைநிறுத்தம், அடுத்த மாதம் கைது, 2023 ஜனவரியில் பிணை, பிணையோடு தடையும் போனது. பெப்ரவரியில் ஆடியபோது ஸ்கொட்லாந்து வீரர்கள் கைகொடுக்கவில்லை. அந்த வருடம் பல்லேகலவில் ஆசியக் கிண்ணத்தில் நாமே பார்த்தோம். டிசம்பர் கடைசியில் மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்றது, ஜனவரியில் எட்டு வருடச் சிறை, மறுபடி தடை. 2024 மேயில் மேல்முறையீட்டில் விடுதலை, அடுத்த மாதம் உலகக் கிண்ணம், அதிலும் அமெரிக்க விசா கிடைக்காமல் மேற்கிந்தியத் தீவுகளில்தான் அணியோடு சேர்ந்தார். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்கியது.

@மூன்றாம் ஸ்லிப், உங்களுக்கு நாளை மதியம் காலக்கெடு. நீங்கள் நீதிபதி இல்லை, நடந்ததா இல்லையா என்று இருவரிடமும் கேட்கவே வேண்டாம், கேட்டால் சாட்சியைக் குழப்பியவர் ஆவீர்கள். வெளியே வைப்பதென்றால் எத்தனை நாள், எப்போது திரும்பப் பார்ப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். குழு அரட்டையில் போட வேண்டாம்.

கோல் ஷூட்டர் · வியாழன், இரவு 10.58

ஒன்று சேர்க்கிறேன். அவரை வெளியே வைத்துவிட்டோம், இனி நீங்கள் வரலாம் என்று அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம். அணியின் முடிவை அவர் தலையில் கட்டியது போலாகும். அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள்.

மூன்றாம் ஸ்லிப் · வெள்ளி, இரவு 9.15

கொடுத்துவிட்டேன். ஓப்பனர் இல்லாத பட்டியல்.

கப்டனோடு காலையில் கன்ரீனில் அரை மணித்தியாலம் சண்டை. அவர் இல்லாவிட்டால் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போகலாம் என்றார், போகலாம் என்றேன். அப்புறம் நீ யார் தீர்மானிக்க என்றார். நியாயமான கேள்வி, பதில் இருக்கவில்லை. ஸ்கோர் எழுதுகிறவர் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி எழுது என்றார்.

நாலு வரிதான் எழுதினேன். மனிதவளப் பிரிவின் விசாரணை நடப்பதால் இந்தப் போட்டிக்கு உங்களைப் பெயரிடவில்லை, இது உங்கள் மேல் எந்த முடிவும் அல்ல, உங்கள் அங்கத்துவமும் சந்தாவும் அப்படியே இருக்கும், நாலு வாரத்தில் திரும்பப் பார்ப்போம். கப்டனும் நானும் ஒப்பமிட்டோம்.

வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கொடுத்தேன், ஏனென்றால் அணியின் கிட் பேக் அவருடைய காரின் டிக்கியில்தான் இருக்கும். நின்றபடி இரண்டு தரம் வாசித்தார். அப்போ நான் செய்தேன் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றார். இல்லை என்றேன். ஊரில் யார் அதை நம்புவார்கள் மச்சான் என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. டிக்கியைத் திறந்து கிட் பேக்கை இறக்கி நிலத்தில் வைத்தார். சிப்பைத் திறந்து தன்னுடைய கையுறையை மட்டும் எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, அதையும் திரும்ப உள்ளே போட்டுவிட்டுக் காரை எடுத்தார். எட்டு வருடமாக ஒன்றாக விளையாடுகிறோம். பேக்கை ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டு வந்தேன், வழி முழுக்க நாறியது.

கெத்தாராமக் கூரை · வெள்ளி, இரவு 9.40

நான் இன்னமும் எதிர்க்கிறேன். ஊரில் யார் நம்புவார்கள் என்று அவர் கேட்டதுதான் என் முழு வாதமும். நாலு வாரத்தில் மனிதவளப் பிரிவு ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் ஸ்லிப் · வெள்ளி, இரவு 9.52

நாலாவது வாரம் அவர்கள் கதவில் போய் நிற்பேன். அதற்கும் மேல் தெரியாது தம்பி.

வெள்ளைத் தொப்பி · சனி, காலை 6.05

நல்லபடி ஆடுங்கள். ஆறு பேர் போட்டியில் முதல் ஓவரை வேகப்பந்துக்காரனிடம் கொடுக்க வேண்டாம், பொரளைப் பக்கம் காலையில் ஈரமாக இருக்கும்.

மூன்றாம் ஸ்லிப் · திங்கள், இரவு 8.20

கேட்டவர்களுக்கு: முதல் போட்டி வென்றோம், இரண்டாவதில் நாலு ஓட்டத்தால் வெளியே. ஐயா சொன்னதைக் கப்டன் கேட்கவில்லை, முதல் ஓவரில் பதினெட்டு. ஓப்பனர் இருந்திருந்தால் வென்றிருப்போமா என்று சாப்பிடும்போது எல்லோரும் பேசினார்கள், நான் பார்சலை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று கூடிவிட்டது, கோழி, அவருக்கும் சேர்த்துப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கோர் எழுதுகிறவர் வரவில்லை. இன்று மதியம் அவருடைய மேசையில் புத்தகத்தை வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த போட்டி எப்போது என்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது கூப்பிட்டார். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், பென்சில் கையில்.

மூன்றாவது ஓவரில் ஏழு பந்து எழுதியிருக்கிறீர்கள், வைட் எங்கே என்றார்.